கல்யாண வேலைக்கு வந்தவர்களுக்குக் கையில் என்ன கொடுப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கல்யாணச் செலவுக் கணக்கு எழுதும்போது மண்டபம், சாப்பாடு, நகை, புடவை, பத்திரிகை எல்லாம் வரிசையாக வந்துவிடும். அந்த இரண்டு நாளும் நமக்காக நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கையில் கொடுக்க வேண்டிய பணம் என்று ஒரு வரியைப் பல வீடுகளில் எழுதுவதே இல்லை. கடைசியில் மண்டபத்தைக் காலி செய்கிற அவசரத்தில் எதிரில் வந்து நிற்கிறவருக்கு ஐந்நூறு கிடைக்கும், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பின்பக்கம் அண்டா தேய்க்கிற அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. மேடைக்கு எவ்வளவு தூரத்தில் வேலையோ அந்த அளவுக்கு மறந்துபோகிறோம். அது நடக்காமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கீழே வரும் தொகைகள் எல்லாம் நம் பக்கத்து நடுத்தர வீட்டுக் கல்யாணத்தை மனதில் வைத்து நான் போடும் கணக்கு, உங்கள் வசதிக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

பேசி முடிக்கிற நாளிலேயே

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேசிய கூலி வேறு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற மரியாதை வேறு, மனம் நிறைந்து கையில் கொடுக்கிற அன்பளிப்பு வேறு. கூலி முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற இரண்டும். பாக்கிப் பணத்தில் இரண்டாயிரம் குறைத்துவிட்டு டிரைவர் கையில் இருநூறு வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒவ்வொரு காண்ட்ராக்டரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்கள் சம்பளத்தை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்களா, இல்லை நாங்கள் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டி வருமா? ராத்திரி வரவேற்புக்கு வருகிற ஆட்களும் காலை முகூர்த்தத்துக்கு வருகிற ஆட்களும் ஒன்றா, வேறா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதுதான் முக்கியம். நம் பக்கம் வழக்கமாக முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பதால், ராத்திரிப் பந்திக்கு வந்த பையன்கள் பதினொரு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். காலையில் தரலாம் என்று நீங்கள் வைத்திருந்த பணம் வேறு ஆட்களுக்குப் போகும்.

அப்படியே இன்னொன்றையும் பேசிவிடுங்கள், இது காண்ட்ராக்டரிடம் இல்லை, சம்பந்தி வீட்டோடு. வரவேற்புச் செலவு மாப்பிள்ளை வீடு, முகூர்த்தச் செலவு பெண் வீடு என்று பிரித்துக்கொள்கிற குடும்பங்களில் கையில் கொடுக்கிற பணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை, அவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிடுவார்கள். ஒரு போன் பேச்சில் முடிகிற விஷயம் இது.

ஆள் பட்டியல் எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள், தொழிலை மட்டும் எழுதாமல் ஆள் எண்ணிக்கையோடு. சமையல் மாஸ்டர், அவருடைய உதவியாட்கள், காய் நறுக்குகிறவர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள், இலை எடுக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள். நாதஸ்வரம், தவில், தாளம். புரோகிதர், அவரோடு வருகிற உதவியாளர். மேக்கப் செய்கிறவரோடு வருகிற பெண்கள். போட்டோ, வீடியோ, லைட் பிடிக்கிற பையன். மேடை அலங்காரம், பூ கட்டுகிறவர்கள், மைக் செட், சீரியல் லைட். வாட்ச்மேன், ஜெனரேட்டர் பார்க்கிறவர், கழிவறை கழுவுகிறவர், பெருக்குகிறவர். வேன் டிரைவர், கார் டிரைவர். ஊர் வழக்கப்படி மாத்து (சடங்குக்கான துணி) விரிக்கிறவர், மாப்பிள்ளைக்குச் சவரம் செய்கிறவர் உண்டென்றால் அவர்கள்.

பட்டியலில் ஐம்பது, அறுபது பேர் வந்துவிடும். பயப்பட வேண்டாம், கணக்கு அவ்வளவு பெரிதாக வராது.

எவ்வளவு ஒதுக்குவது

ஐந்நூறு பேர் சாப்பிடுகிற கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பரிமாறுகிறவர்கள் இருபது பேருக்கு ஆளுக்கு 200 என்றால் 4,000. மாஸ்டருக்கு 2,000. சமையல் உதவியாட்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு 300, பாத்திரமும் இலையும் பார்க்கிற ஆறு பேருக்கும் அதே 300, இரண்டும் சேர்த்து 3,600. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தலா 500, தாளம், சுருதி பார்க்கிற இருவருக்குத் தலா 300, ஆக 1,600. நான்கு டிரைவருக்கு 400 வீதம் 1,600. மண்டப ஆட்கள் ஐந்து பேருக்கு 1,500. மேக்கப் உதவிப் பெண்கள் இருவருக்கு 1,000. போட்டோ ஆட்கள் மூவருக்கு 1,500. மைக், லைட், பூ வேலைக்கு நான்கு பேருக்கு 1,200. மொத்தம் 18,000. இரண்டாயிரம் கூடுதலாக வைத்து 20,000 என்று எழுதிவிடுங்கள். தட்சிணை, வேட்டி துண்டு எல்லாம் இதில் இல்லை, அது தனி.

இது முடியவில்லை என்றால் ஆளைக் குறைக்காமல் தொகையைக் குறையுங்கள். எல்லோருக்கும் நூறு கொடுக்கிற வீடு, நான்கு பேருக்கு மட்டும் ஆயிரம் கொடுக்கிற வீட்டைவிட நல்ல பெயர் வாங்கும். மாறாக, மழைக்காலத்துக் கல்யாணம் என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் நம் கடற்கரைக்கு எப்போது புயல் வரும் என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புயல் என்று பார்த்த ஊர்கள் இவை. முழங்கால் தண்ணீரில் காஸ் சிலிண்டர் தூக்கி வந்து அடுப்பு மூட்டுகிறவருக்கு வழக்கமான தொகையைக் கொடுத்து அனுப்பக்கூடாது. இன்னொரு பக்கம், ஆடியிலும் மார்கழியிலும் இவர்களில் பல பேருக்கு வேலையே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள், முகூர்த்த மாதங்களில் கைக்கு வருவதை வைத்துத்தான் அந்த நாட்களையும் ஓட்டுகிறார்கள்.

சில்லறை, கவர்

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வங்கியில் சொல்லிவைத்து 100, 200, 500 நோட்டுகளை வாங்கிவிடுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் மண்டபத்தில் சில்லறை தேடி அலைவதுபோல ஒரு தலைவலி இல்லை. 101, 501 என்று கொடுக்கிற பழக்கம் இருந்தால் ஒரு ரூபாய் ஒட்டிய மொய் கவரே போதும், மஞ்சக்குப்பத்துப் பேன்சி கடையிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஒவ்வொரு கவரின் மேலும் யாருக்கு என்று பென்சிலில் எழுதுங்கள்: ‘தவில்’, ‘வாட்ச்மேன் இரவு’, ‘வேன் டிரைவர்’. தொகையை எழுத வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் அவருக்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம். ராத்திரிக்கு ஒரு பை, காலைக்கு ஒரு பை என்று பிரித்து வையுங்கள்.

மொய்ப் பணத்திலிருந்து மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். மொய் நோட்டு ஒரு கடன் கணக்கு மாதிரி, அதிலிருந்து நடுவில் எடுத்தால் ராத்திரி எண்ணும்போது பணம் இடிக்கும், பாவம், மொய் எழுதினவர் மேல் சந்தேகம் விழும். மொய் எழுதுகிறவரிடம் இந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பதும் தவறு, அவரால் இடத்தைவிட்டு எழ முடியாது.

யார் கையால்

பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் அன்று வாசலிலும் மேடையிலும் நிற்க வேண்டும். அதனால் சித்தப்பா, மாமா, அத்தை என்று மேடை வேலை இல்லாத ஒருவரை ஆளாகப் போடுங்கள். முன்கோபம் இல்லாதவராக, பேரம் பேசாதவராக இருக்க வேண்டும். இருவராக இருந்தால் இன்னும் நல்லது. பின்கட்டில் வேலை செய்கிற பெண்களுக்கும் மேக்கப் உதவிப் பெண்களுக்கும் வீட்டுப் பெண் ஒருவர் போய்க் கொடுத்தால் அவர்களும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள், ‘அக்கா, பஸ்ஸுக்கு வழி இருக்கா?’ என்று இரண்டு வார்த்தை பேசவும் முடியும்.

கொடுக்கிற விதம்தான் பாதி. கூப்பிட்டு வரிசையில் நிற்க வைக்காதீர்கள். அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போய், “மாஸ்டர், சாம்பாரை எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள்” என்று வலது கையால் கொடுங்கள், பெரியவர் என்றால் இரண்டு கையாலும். வயதில் மூத்தவரை வா, போ என்று பேசிவிட்டு ஆயிரம் கொடுத்தாலும் அது மரியாதை ஆகாது. முக்கியமாக மாத்து விரிக்கிறவர், சவரம் செய்கிறவர் விஷயத்தில் இன்னும் சில வீடுகளில் பணத்தைக் கையில் தராமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற பழக்கம் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள். புரோகிதருக்கு எந்தத் தட்டில் தாம்பூலம் வைத்துக் கொடுக்கிறீர்களோ அதே மாதிரித் தட்டில் அவருக்கும் கொடுங்கள், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

சமையல்கட்டு

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் அதிகம், இங்கேதான் பணம் நடுவில் நின்றுபோகிறது. மொத்தத் தொகையைக் காண்ட்ராக்டர் கையில் கொடுத்து “பசங்களுக்குப் பிரித்துக் கொடுத்துடுங்க” என்று சொல்வது சுலபம். பல காண்ட்ராக்டர்கள் நேர்மையாகப் பிரிப்பார்கள், எல்லோரும் அல்ல. அதனால் மாஸ்டரிடம் முன்பே “நாங்களே ஆளாளுக்குக் கொடுத்துவிடுகிறோம், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டிப் போனோம் என்ற வருத்தமும் வராது, யாரும் விட்டுப்போகவும் மாட்டார்கள். மாஸ்டருக்கு மட்டும் வேட்டி சட்டையோடு வெற்றிலை பாக்கு வைத்துத் தனியாக, முகூர்த்தச் சாப்பாட்டின் கடைசிப் பந்தி முடிந்ததும்.

பரிமாற வருகிறவர்களில் நிறையப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அன்று ராத்திரியே கொடுத்துவிடுங்கள். ஒன்றை உறுதியாகப் பாருங்கள், பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை யாராவது வேலைக்கு வந்திருந்தால் காசு கொடுத்து அனுப்பிவிட்டால் சரியாகிவிடாது, அந்த வயதுப் பிள்ளைகளை இப்படிக் கூலி வேலைக்கு வைப்பதையே சட்டம் தடை செய்திருக்கிறது. காண்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பாத்திரம் தேய்க்கிற பெண்கள் பலர் குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், பாகூர் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வருகிறவர்கள். வரவேற்பு முடிய நள்ளிரவு ஆகும், பஸ் இருக்காது, மண்டபத்திலேயே எங்காவது மூலையில் படுத்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடி எழுந்திருப்பார்கள். இவர்களுக்கு 300 ரூபாயோடு சேர்த்து, தாழ்ப்பாள் போட முடிகிற ஓர் அறை, பாய், காலையில் முதல் காபி இதையும் கொடுங்கள். ராத்திரியே வீட்டுக்குப் போக வேண்டியவர் இருந்தால் ஆட்டோ காசு தனியாக.

அப்புறம் சாப்பாடு. வேலை செய்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்க்கிற பொறுப்பு நம்முடையது. டிரைவர்களையும் போட்டோக்காரர்களையும் கடைசிப் பந்தி வரை காத்திருக்கவிட்டு, அதற்குள் வடையும் பாயசமும் தீர்ந்துபோய், சாதமும் ரசமும் போட்டு அனுப்புவது பல மண்டபங்களில் நடக்கிறது. நடுப் பந்தி ஒன்றில் அவர்களுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லுங்கள். தேங்காய், பழம் போட்டுத் தருகிற தாம்பூலப் பையையும் ஆளுக்கு ஒன்று கணக்கில் சேர்த்து வாங்குங்கள்.

மேளக்காரர், புரோகிதர்

நாதஸ்வரக் குழுவைச் செட்டாகத்தான் பேசுவோம், பணமும் தலைமை வித்வானிடம்தான் போகும். அன்பளிப்பைத் தாலி கட்டி முடிந்து, அவர்கள் கருவியை உறையில் போடுவதற்குள் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு அடுத்த மண்டபத்துக்கு ஓடுவார்கள். வித்வானுக்கும் தவில்காரருக்கும் துண்டோ சால்வையோ போர்த்தி, தாம்பூலத்தோடு சபையிலேயே கொடுப்பது அழகு. தாளம் போடுகிற பையனை யாரும் பார்க்கமாட்டார்கள். அவன் கவர் தனியாக இருக்கட்டும்.

புரோகிதருக்குத் தட்சிணை முன்பே பேசியதுதான். பூஜைச் சாமான் அதில் சேர்த்தியா என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு வந்தவருக்கு அவரே கொடுப்பார் என்று விடாமல் 200, 300 நாம் கொடுக்கலாம். சுயமரியாதைத் திருமணம் என்றால் நடத்திவைக்கிற பெரியவர் பணம் வாங்கமாட்டார், சால்வையும் புத்தகமும் போதும், ஆனால் அவர் வந்த காருக்கு டிரைவர் இருந்தால் அவரைக் கவனியுங்கள்.

கோயிலில், சர்ச்சில், பள்ளிவாசலில்

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் என்றால் கணக்கே வேறு. பெரிய முகூர்த்த நாளில் அங்கே நூறு கல்யாணத்துக்கு மேல் நடப்பதுண்டு, அவசரம் அவசரமாகத்தான் எல்லாம் நடக்கும். கோயிலுக்குக் கட்ட வேண்டியதை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ‘முன்னாடியே முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்யாணத்தை நடத்திவைத்த ஐயருக்குப் பேசிய தட்சிணை, சன்னதியில் தட்டில் போடுவது உங்கள் விருப்பம், செருப்பு பார்க்கிறவருக்கும் படிக்கட்டு பெருக்குகிறவருக்கும் பத்தும் இருபதுமாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் கப்ஸ் கோயில், சம்பா கோயில் போன்ற தேவாலயங்களில் திருமணம் என்றால் பங்கு அலுவலகத்துக்கு ரசீதோடு கட்டணம், பாதருக்குக் கவரில் காணிக்கை. அதோடு கோயில்பிள்ளையையும் (சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர்) பாடகர் குழுவையும் மறக்காதீர்கள், கீபோர்டு வாசிக்கிறவருக்குத் தனியாக. பரங்கிப்பேட்டைப் பக்கம் நிக்காஹ் என்றால் ஜமாஅத்துக்கு உள்ளது ஜமாஅத்துக்கு, நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜ்ரத்துக்கும் பாங்கு சொல்கிற மோதினாருக்கும் தனித்தனிக் கவர்.

மேக்கப், போட்டோ

தொழில் நடத்துகிற முதலாளிக்கு அன்பளிப்பு தேவையில்லை. மேக்கப் போடுகிறவரே தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்கிறவர், நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள், அதுதான் அவருக்கு வேண்டியது. கூட வந்து புடவை மடிப்பு எடுத்து, தலை பின்னிப் பூ வைக்கிற பெண்களுக்குத்தான் ஆளுக்கு 500. இவர்கள் முகூர்த்தத்துக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள், அதனால் அந்தக் கவர் மணப்பெண் அறையிலேயே இருக்க வேண்டும். போட்டோ ஆட்களுக்கும் இதே விதி, ஸ்டூடியோக்காரருக்கு வேண்டாம், லைட் பிடிக்கிற பையனுக்கும் உதவி கேமராக்காரருக்கும் கொடுங்கள்.

வண்டி

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அரை மணி, முக்கால் மணி ஓட்டம்தான் என்றாலும் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. வண்டி எந்த ஊர்ப் பதிவு, பர்மிட் யார் போடுவது என்று முன்பே கேளுங்கள். பர்மிட், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா நான்கும் வாடகையில் சேர்த்தியா என்று தனித்தனியாகக் கேட்டால் கடைசியில் சண்டை வராது. அன்பளிப்பைக் கடைசி டிரிப் முடிந்ததும் டிரைவர் கையிலேயே கொடுங்கள், டிராவல்ஸ்காரரிடம் இல்லை. ராத்திரி தங்க வேண்டி வந்தால் படுக்க இடம் கொடுங்கள். தூங்காத டிரைவரிடம்தான் மறுநாள் நம் சொந்தக்காரர்கள் ஏறப் போகிறார்கள்.

மண்டபமும் ஓட்டலும்

மண்டப பில்லில் கிளீனிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருக்கும். அது பெருக்குகிறவருக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், மேனேஜரிடம் கேளுங்கள். கழிவறை சுத்தம் செய்கிறவருக்கு நான் மற்றவர்களைவிட நூறு அதிகம் வைப்பேன், கூடுதலாக வைத்த இரண்டாயிரத்திலிருந்து. அதையும் முதல் நாள் மாலையே பாதி, காலையில் பாதி என்று கொடுப்பேன், அந்த வேலையின் அருமை ஆயிரம் பேர் வந்துபோகிற மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்கறி வண்டிக்கு விடியற்காலையில் கதவு திறந்துவிடுகிற இரவு வாட்ச்மேன் காலையில் டியூட்டி மாறிப் போய்விடுவார், அவர் கவரை ராத்திரிப் பையில் போடுங்கள்.

புதுச்சேரியில் ஈ.சி.ஆர். ரிசார்ட்டிலோ ஒயிட் டவுன் ஓட்டலிலோ கல்யாணம் வைத்தால் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓட்டல்கள் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எடுத்த பணத்தை மிச்சம் என்று வைத்துக்கொள்ளாமல் அறை சுத்தம் செய்தவருக்கும் பரிமாறியவருக்கும் நேரில் கொடுத்துவிடுங்கள்.

குடிக்கக் கேட்டால், நச்சரித்தால்

“அண்ணே, பசங்களுக்கு ஏதாவது பாத்துப் பண்ணுங்க” என்று பாட்டிலைக் குறிவைத்துக் கேட்கிறவர்கள் உண்டு, புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி அதிகம் வரும். வாங்கிக் கொடுக்காதீர்கள். கொதிக்கிற எண்ணெய் பக்கத்தில் நிற்கிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் அது ஆபத்து, எல்லை தாண்டிக் கொண்டுவந்து ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பிடிபட்டால் கல்யாண வீட்டுக்கு வேண்டாத வழக்கு. அந்தப் பணத்தைக் கவரில் சேர்த்துக் கொடுங்கள்.

கொடுத்த பிறகும் போதாது என்று யாராவது நின்றால் குரலை உயர்த்தாமல் “எல்லோருக்கும் இதே கணக்கில்தான் கொடுத்திருக்கிறோம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று சொல்லுங்கள். உண்மையிலேயே எல்லோருக்கும் கொடுத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும். வேலை சரியில்லை என்றால்? சாப்பாடு குறைந்துபோனது காண்ட்ராக்டரின் கணக்குத் தப்பு, அதை அவரிடம் பாக்கி கொடுக்கும்போது பேசுங்கள். சொன்னபடி வேலை செய்த கூலியாளின் இருநூறைப் பிடித்துவைப்பது நியாயம் இல்லை.

கல்யாணம் முடிந்த பிறகு

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது அரசுக் கட்டணம் மட்டும்தான். ‘கல்யாண சந்தோஷம்’ என்று கேட்டாலும் அது லஞ்சம், 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொன்னால் கொடுத்தவர் மேல் குற்றம் வராது.

கடைசியாக, மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று கவர் கட்டாயம் மிஞ்சியிருக்கும், முன்னாலேயே கிளம்பிவிட்ட சப்ளையர் பையன், டியூட்டி மாறிப்போன வாட்ச்மேன் என்று. அன்றைக்கே மாஸ்டருக்கோ மேனேஜருக்கோ போன் செய்து அந்த ஆளின் சொந்த எண்ணை வாங்கிக் கூகுள் பேயில் அனுப்பிவிட்டு, கவரின் மேல் இருக்கிற பெயரை அடித்துவிடுங்கள்.